கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஜெர்மனிக்கு ஒரு கன்னி நாய்: காகிதத்துக்கு எந்த டாக்டரிடம் போவது?

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். அப்பா தவறிய பிறகு, அவர் வளர்த்த நான்கு வயதுக் கன்னி இன நாயைக் கல்லிடைக்குறிச்சியில் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். அதை இங்கே கூட்டி வர வேண்டும். வருடா வருடம் ரேபிஸ் ஊசி போட்ட அட்டை இருக்கிறது. ஐரோப்பாவுக்கான பேப்பர் தயார் செய்யத் தெரிந்த டாக்டரை ஊர்ப் பக்கம் எப்படித் தேடுவது? சென்னையில் ஒரு ஏஜென்ட், பதினைந்து நாளில் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்த ஏஜென்டை விட்டுவிடுங்கள். பதினைந்து நாளில் இந்த வேலையை நேர்மையாக முடிக்க யாராலும் முடியாது. கணக்கைப் பாருங்கள். நாய்க்கு மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சில்லு, பொருத்த வேண்டும். அதன் பிறகுதான் ரேபிஸ் ஊசி. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையக் கூடாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்த பிறகே நாய் அங்கே நுழையலாம். ஜனவரி 5-ஆம் தேதி சிப்பும் ஊசியும் என்றால், பிப்ரவரி 6 வாக்கில் ரத்தம், மே 6-க்குப் பிறகு பயணம். இந்தியாவிலிருந்து போகும் நாய்க்கு இதில் குறுக்கு வழி கிடையாது.

இனி உங்கள் கேள்வி. ஐரோப்பிய பேப்பருக்கென்று தனி டாக்டர் நம் பக்கம் இல்லை, தேவையும் இல்லை. பதிவு பெற்ற, பொறுமையுள்ள ஒரு கால்நடை மருத்துவர் போதும். சித்தப்பாவை முதலில் நெல்லை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கச் சொல்லுங்கள். தனியார் டாக்டர் என்றால் நேரில் போகுமுன் போனிலேயே கேட்டுவிடலாம்: சிப்பைப் படிக்கும் ரீடர் கையில் இருக்கிறதா, ரத்தத்திலிருந்து சீரம் பிரித்துக் குளிர் கெடாமல் அனுப்ப வசதி உண்டா, ஆய்வகப் படிவத்தைத் தன் பெயரில் நிரப்பிக் கையெழுத்துப் போடுவாரா? மூன்றுக்கும் தயங்காமல் ஆம் என்பவரே உங்களுக்கான டாக்டர். ‘அதெல்லாம் பாத்துக்கலாம், நாயைக் கூட்டிட்டு வாங்க’ என்பவரிடம் போக வேண்டாம்.

கையிலிருக்கும் அட்டையைப் பற்றிச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. அப்பா தவறாமல் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் போட்ட ஊசிகள் நாயைக் காத்திருக்கின்றன, சந்தேகமில்லை. ஆனால் சிப் இல்லாத காலத்தில் போட்ட எதையும் ஐரோப்பா கணக்கில் சேர்க்காது. இந்த நாய்க்குத்தான் அந்த ஊசி போடப்பட்டது என்று காட்ட ஆதாரம் இல்லை என்பதே காரணம். ஆகவே சிப்போடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கேதான் மிகப் பெரிய ஆபத்து வருகிறது. தெரிந்த டாக்டர் என்றால், ‘சிப்பை ஆறு மாசத்துக்கு முந்தியே வச்ச மாதிரி தேதி போட்டுத் தாரேன்’ என்று நல்ல மனதோடே சொல்வார். ஏஜென்டும் இதைத்தான் செய்வார், அதற்குக் காசும் வாங்குவார். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபிராங்ஃபர்ட்டில் காகிதம் பொய் என்று தெரிந்தால் நாயைத் திருப்பி அனுப்பலாம், உங்கள் செலவில் தனிமையில் அடைக்கலாம், வேறு வழியில்லை என்றால் கருணைக்கொலை செய்யவும் அவர்கள் சட்டம் இடம் தருகிறது. கையெழுத்துப் போட்ட டாக்டர் ஊரில் இருப்பார், ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். கூண்டுக்குள் தவிப்பது அப்பாவின் நாய்.

சிப் 15 இலக்க ஐஎஸ்ஓ தரத்தில் இருக்க வேண்டும். பொருத்தியதும் ரீடரால் படித்து, ஊசி போடுமுன் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். ரத்தம் எடுக்குமுன் இன்னொரு முறை படிக்க வேண்டும். அட்டை, ஆய்வகப் படிவம், முடிவு மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று நீங்களே ஃபோட்டோ வாங்கி ஓர் இலக்கம் விடாமல் சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறினால் நான்கு மாதமும் வீண். ஊசி மருந்தின் ஸ்டிக்கர், பேட்ச் எண், டாக்டரின் பதிவு எண் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

கடைசிச் சான்றிதழை நம் ஊர் டாக்டர் தர முடியாது. அது மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றிதழ் நிலையத்தின் வேலை, ஏ.க்யூ.சி.எஸ். என்பார்கள். உங்களுக்குச் சென்னை. அந்தச் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் நாய் ஐரோப்பாவில் இறங்கியாக வேண்டும், அதனால் முன்கூட்டியே வாங்கி வைக்கவும் வழியில்லை. ராமையன்பட்டியில் ஒரு கல்லூரி நிறையக் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு இந்தக் கையெழுத்து அதிகாரத்தைக் கொடுத்தால் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி நான்கு மாவட்டத்துக்கும் தீர்ந்தது. அதைச் செய்யாமல், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு வாயில்லா ஜீவனை இழுத்துக்கொண்டு வரச் சொல்வது என்ன நியாயம்? ஏஜென்டுகள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விசாவோ லீவோ தள்ளிப்போவது சகஜம். ரத்தப் பரிசோதனை தேறிவிட்டால் அது ஒரு பயணத்தோடு முடிவதில்லை. அடுத்தடுத்த ரேபிஸ் ஊசிகளைக் கெடு தாண்டாமல் போட்டுவந்தால் நாயின் ஆயுளுக்கும் அதே முடிவு செல்லும். மே மாதம் போக முடியாமல் அடுத்த ஆண்டு மே என்று ஆனாலும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டாம், மூன்று மாதமும் காக்க வேண்டாம். ஆனால் கெடு என்பது அட்டையில் ‘இதுவரை செல்லும்’ என்று எழுதிய தேதி. ஒரு வாரம் முன்னால் போட்டால் குற்றமில்லை. ஒரு நாள் பிந்தினால் அது புது ஊசியாகக் கணக்காகும். திரும்பவும் 30 நாள், ரத்தம், மூன்று மாதம். ‘ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரி லீவு, திங்கள் போயிக்கிடலாம்’ என்று சித்தப்பா இருந்துவிடக் கூடாது. அந்தத் தேதியை உங்கள் போனிலும் அவர் வீட்டுக் காலண்டரிலும் குறித்து வையுங்கள்.

ஜெர்மன் டாக்டரிடம் ‘பெட் பாஸ்போர்ட்’ (ஐரோப்பிய ஒன்றியத்தில் நாய்க்குத் தரும் அடையாளப் புத்தகம்) வாங்கி அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாயை நேரில் பாராமல், சிப்பைப் படிக்காமல் அதைத் தர முடியாது.

நாயைத் தனியாகச் சரக்கில் அனுப்பவும் சம்மதிக்காதீர்கள். உங்கள் பயணத்துக்கு முன்போ பின்போ ஐந்து நாளுக்குள் நாய் பயணம் செய்தால்தான் அது வளர்ப்புப் பிராணி. இல்லையென்றால் வியாபாரச் சரக்குக்கான விதிகள் வந்து விழும். நீங்களே வந்து கூட்டிப்போவதுதான் சுலபம். அந்த விமான டிக்கெட்டையும் ஆய்வக முடிவு கைக்கு வந்து, எண்ணைச் சரிபார்த்த பிறகே போடுங்கள்.