என்.ஓ.சி. எங்கே என்று கேட்டால்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 25 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். லீவில் ராயபுரம் வரும் ஜவானுக்கும் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் இளைஞனுக்கும் காதல். ராணுவத்தின் அனுமதி இல்லாமல் சென்சாருக்கே போக முடியாது என்கிறார்களே? (வியாசர்பாடி வாசகர்)

பதில்: போகலாம். எந்தக் காரணங்களுக்காகச் சான்றிதழை மறுக்கலாம் என்று 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 5பி பிரிவு சொல்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறு எல்லாம் அதில் உண்டு. பாதுகாப்பு அமைச்சகத்தின் சம்மதம் வேண்டும் என்று அதில் இல்லை. குழப்பம் 2020 ஜூலையில் வந்தது. ராணுவம் பற்றிய படமோ வெப் சீரிஸோ எடுப்பவர்கள் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் தணிக்கை வாரியத்துக்குக் கடிதம் எழுதியது. கடிதம் சட்டமாகாது. ஆனால் படம் பார்க்கும் குழு அதைக் கேட்கக்கூடும், பதிலோடு போங்கள்.

இந்தி இயக்குநர் ஓனிர் முறைப்படி ஸ்கிரிப்டைப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு அனுப்பினார். 2022 ஜனவரியில் மறுத்துவிட்டார்கள். காஷ்மீரில் பணியிலிருக்கும் வீரர் உள்ளூர் இளைஞரைக் காதலிப்பதாகக் காட்டுவது ராணுவத்தின் பெயரைக் கெடுக்கும், பாதுகாப்புச் சிக்கலும் வரும் என்று அப்போதைய பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் அஜய் பட் நாடாளுமன்றத்தில் காரணம் சொன்னார். சென்சார் பார்க்க ஒரு காட்சிகூட இல்லாதபோதே கதை நின்றது. இது அநியாயம் என்றே நினைக்கிறோம்.

ஆகவே முகாம், வண்டி, ஆள் என்று ராணுவத்திடம் எதுவும் வேண்டாம் என்றால் நீங்களாகப் போய் என்.ஓ.சி. கேட்காதீர்கள். மறுத்துவிட்டால் அந்தக் காகிதம் கடைசிவரை கூடவே வரும். உண்மையான ரெஜிமென்ட் பெயர், பேட்ஜ் வேண்டாம். கோட்டைப் பக்கம் ராணுவ இடங்களில் கேமராவை எடுக்காதீர்கள். வாடகை யூனிஃபார்மோடு நடிகரை டீக்கடைக்கு அனுப்பாதீர்கள். ஷாட் முடிந்ததும் சட்டையை மாற்றச் சொல்லுங்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு படைவீரர் உடை அணிவது ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவில் குற்றம். நடிப்பு அதில் சேராது, ஆனால் அதை ஸ்டேஷனில் விளக்கி முடிப்பதற்குள் அன்றைய வெளிச்சம் போய்விடும்.

கேள்வி: ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய ஐ.பி.சி. 377ஆம் பிரிவுதான் போய்விட்டதே, ஜவான் ஏன் பயப்பட வேண்டும்? (தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு, ஒரே பாலினத்தவராக இருந்தாலும் வயதுவந்த இருவர் மனமொத்துச் சேர்வது குற்றமல்ல என்றது. ஆனால் படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க அரசியல் சட்டத்தின் 33ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு இடம் தருகிறது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவில் 'இயற்கைக்கு மாறான' இழிநடத்தை என்ற சொல் இன்னும் இருக்கிறது. தண்டனை 7 ஆண்டுவரை போகலாம். ராணுவத்தில் ஓரினச்சேர்க்கையை அனுமதிக்க மாட்டோம் என்று அப்போதைய தளபதி பிபின் ராவத் 2019 ஜனவரியில் சொன்னார். எனவே போலீஸ் வந்து 377இல் கைதுசெய்வதாகக் காட்சி வைத்தால் தவறு. கமாண்டிங் ஆபீசரின் விசாரணை, கோர்ட் மார்ஷல், போகப்போகும் வேலை, பென்ஷன்: அவன் பயம் அங்கேதான்.

கேள்வி: 'கட்' சொன்னால் என்ன செய்வது? (பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்)

பதில்: யூடியூபுக்கு மட்டும் என்றால் சென்சாரே வேண்டாம். தியேட்டருக்கு என்றால் தணிக்கை வாரியத்தின் இ-சினிபிரமாண் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். சென்னை மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. 'யுஏ' சான்றிதழ் இப்போது வயதுப்படி 7+, 13+, 16+ என மூன்றாகிவிட்டது. சென்சாருக்கான 1991 வழிகாட்டுதலில் 'பாலியல் வக்கிரம்' கூடாது என்றொரு வரி உண்டு. முத்தக் காட்சியை அதில் சேர்த்தால் 2018 தீர்ப்பைக் காட்டி எழுத்தில் பதில் கொடுங்கள். கட் எதையும் வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்டு எடிட் செய்துவிடாதீர்கள், பிறகு எதை எதிர்த்து மேலே போவீர்கள்? அடுத்தது மறுஆய்வுக் குழு. அதற்கும் மேல் முன்பு ஒரு தீர்ப்பாயம் இருந்தது. 2021இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது வாரியத்தின் உத்தரவு வந்த 30 நாளுக்குள் நேராகப் பாரிமுனை, உயர் நீதிமன்றம்.