அச்சு முத்திரையும், தாளை வடிவமாக வெட்டும் டையும் கடையில் வாங்கிச் செய்த வாழ்த்து அட்டையைக் 'கையால் செய்தது' என்று சொல்லிக்கொள்ளலாமா?

தாராளமாகச் சொல்லலாம். கூடாது என்று உங்களிடம் சொன்னவர் யார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். நீங்கள் கேட்டிருக்கும் விதத்திலேயே விஷயம் புரிகிறது. யாருக்கோ ஆசையாக ஓர் அட்டை செய்து கொடுத்திருக்கிறீர்கள். அதை வாங்கித் திருப்பிப் பார்த்த ஒரு சித்தப்பாவோ அலுவலகத் தோழியோ, "படம் நீ வரைந்ததா? ஓ, ஸ்டாம்பா? சரி சரி" என்று இழுத்திருக்கிறார். அந்தச் 'சரி சரி' உங்கள் மனதில் தைத்துவிட்டது. எனக்கும் தைத்தது. அதனால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டை பஞ்சிங் வேலை பார்ப்பவன். கல்யாணப் பத்திரிகை, மிட்டாய்ப் பெட்டி, ஃபைல் என்று வெட்டும் மடிப்பும் வேண்டியதெல்லாம் எங்கள் பிரிவுக்கு வந்துதான் போகும். பகல் முழுவதும் ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளிவிட்டு, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஒற்றை அட்டைக்கு மை ஒற்றிக்கொண்டிருப்பவனைப் பார்த்து என் மனைவியே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஒரு காலத்தில் நடிகர் படம், சாமி படம், ஜல்லிக்கட்டுப் படம் என்று பொங்கல் வாழ்த்துகளை நடைபாதையில் கடை விரித்து விற்ற நாடு இது. இப்போது கைப்பேசியில் வரும் ஒரே பானைப் படத்தை ஊரே ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த வெறுப்பில் ஆரம்பித்த பழக்கம்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் பகுதிச் சங்கம் ஒன்று பொங்கலுக்குக் 'கையால் செய்த வாழ்த்து அட்டை'ப் போட்டி வைத்தது. சங்கத்தின் பெயர் வேண்டாம், நானும் இதே ஊரில் நடமாட வேண்டும். என் அட்டையில் முன்பக்கம் வளைவு வடிவத்தில் டையால் வெட்டிய ஜன்னல். ஜன்னலுக்குள் பொங்கி வழியும் பானை, முத்திரை ஒற்றி, சூடு பட்டால் உருகி மேடாக ஒட்டும் பொன்னிறப் பொடியைத் தூவி உருக்கியது. இரண்டு பக்கமும் தனித்தனியாக வெட்டி, ஃபோம் டேப் வைத்துத் தூக்கி ஒட்டிய கரும்பு. நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். அட்டையைக் கையில் எடுத்து, பொன் கோட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "படம் ரெடிமேடா?" என்றார். "முத்திரை ஐயா" என்றேன். அவ்வளவுதான், 'அச்சு அட்டைகள்' என்று ஓர் ஓரத்தில் ஒதுக்கிவைத்த கட்டில் என்னுடையதும் சேர்ந்துவிட்டது.

முதல் பரிசு ஒரு ஜல்லிக்கட்டுக் காளைக்குப் போயிற்று. ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த காளை. அந்த வருடம் எங்கள் தெருவில் பாதி வீட்டில் தொங்கிய மாதக் காலண்டரில் இருந்த அதே காளை. வலது கொம்பில் கட்டியிருந்த மஞ்சள் துணியின் முடிச்சு வரை அதே. வரைந்த பள்ளிக்கூடப் பெண்ணைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். அவள் உழைத்திருந்தாள், கோடு நன்றாகவே இருந்தது. நான் நடுவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "ஐயா, இந்தக் காளை யாருடைய காளை?"

"யாருடையதாக இருந்தால் என்ன? வரைந்தது அவள் கை."

"அழுத்தியது என் கை."

செயலாளர் நடுவில் புகுந்து எனக்கு ஓர் ஆறுதல் பரிசு என்று பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் ஒன்றைக் கொடுத்து உட்காரவைத்தார். டிபன் பாக்ஸை வீட்டில் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அழுத்துவதில் என்ன பெரிய வித்தை என்று நினைப்பவர்கள் ஒரு புது முத்திரையை எடுத்து ஒற்றிப் பார்க்கட்டும். கண்ணாடி போல் இருக்கும் பாலிமர் முத்திரை கடையிலிருந்து வரும்போது மேலே வழவழப்பு இருக்கும். மை பிடிக்காமல் முத்து முத்தாக நிற்கும், பதிவு திட்டுத் திட்டாக வரும். அழிரப்பரால் லேசாகத் தேய்த்து அந்த வழவழப்பை எடுத்தால்தான் மை பரவும். மைத் திண்டின் மேல் முத்திரையை வைத்து அமுக்குவது அலுவலகப் பழக்கம். அட்டைக்கு முத்திரையை மல்லாத்தி வைத்து, மைத் திண்டால் மெதுவாகத் தட்டித் தட்டி மை ஏற்ற வேண்டும், அப்போதுதான் எங்கே ஏறியது, எங்கே ஏறவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். ஒற்றும்போது கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஓரத்தில் இரட்டைக் கோடு விழும். நேராக வைத்து, நேராக அழுத்தி, நேராக எடுக்க வேண்டும். சொல்ல ஒரு வரி. கை பழக எத்தனை அட்டை குப்பைக்குப் போகும் என்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது.

அடுத்தது மை. சாய மை தாளுக்குள் இறங்கும், சீக்கிரம் காயும், வெயில் பட்டால் வெளிறும். நிறமி மை தாளின் மேலேயே உட்காரும், காய நேரம் எடுக்கும், நிறம் நிற்கும். அந்த ஈரம்தான் பொடி உருக்குகிறவனுக்கு வேண்டியது. பொடியைக் கோட்டின் மேல் கொட்டி, மிச்சத்தைத் தட்டிக் கொட்டிவிட்டு, வெப்பக் காற்றுத் துப்பாக்கியைக் காட்ட வேண்டும். முடி உலர்த்தும் இயந்திரம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அதில் சூடு குறைவு, காற்று அதிகம், பொடி பறந்துவிடும். சூடு ஏற ஏற மணல் மாதிரி மங்கிக் கிடந்த கோடு ஒரு முனையில் மட்டும் திடீரென்று பளபளக்கும். அந்தப் பளபளப்பு பானையின் விளிம்பு வழியே ஓடி மறுமுனை சேரும்வரை துப்பாக்கியைக் கூடவே நகர்த்த வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் பொடி தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறை போல் தட்டையாகிவிடும், அட்டையும் வளையும். இதற்கெல்லாம் முன்னால் தாளில் டால்கம் பவுடரைத் துணியில் முடிந்து ஒருமுறை ஒற்ற வேண்டும். இல்லையென்றால் கைவியர்வை பட்ட இடமெல்லாம் பொன் புள்ளி. எங்கள் ஊர் ஓரளவு வறண்ட ஊர், தப்பித்தோம். கடலோர ஊர்க்காரர்கள் பவுடர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

தாளும் அப்படித்தான். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) என்றால் போதும் என்று நினைக்காதீர்கள். பளபளக்கும் ஆர்ட் போர்டில் சாய மை காயாமல் இழுபடும். பூச்சு இல்லாத அட்டைதான் முத்திரைக்கு நல்லது. தாளுக்கு நார் ஓட்டம் உண்டு. இரண்டு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்த வளைவின் கோடுதான் நாரின் திசை. மடிப்பு அந்தத் திசையில் விழ வேண்டும். குறுக்கே விழுந்தால் மடிப்பில் நார் வெடித்து வெள்ளை வெள்ளையாகப் பிசிறு நிற்கும். நார் நீளவாக்கில் ஓடும் ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக வெட்டி மடித்தால் மடிப்பு தானாகவே நாரோடு போகும். இன்னொன்று: மடிப்புக்காகக் கோடு கீறிய பிறகு ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் இருக்கும். மேடு உள்ளே வருமாறு மடிக்க வேண்டும். நாள் முழுக்க கிரீசிங் (மடிப்புக் கோடு அழுத்தும் வேலை) பார்க்கும் எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அட்டை செய்து காட்டும் காணொளிகளில் பாதிப் பேர் மேட்டை வெளியே விட்டு மடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

டையைப் பற்றி நான் பேசாமல் இருக்க முடியுமா? எங்கள் பட்டறை டை என்பது பிளைவுட் பலகையில் எஃகுப் பட்டையை வளைத்து இறக்கியது. வெட்டிய தாளைத் திரும்பத் தள்ளிவிட இருபுறமும் ரப்பர் ஒட்டியிருக்கும். வீட்டில் வைத்துக்கொள்ளும் கைவினை டை மெல்லிய உலோகத் தகடு. அதை அட்டையின் மேல் வைத்து, மேலும் கீழும் பிளாஸ்டிக் தட்டு கொடுத்து, கைப்பிடி சுற்றி இரண்டு உருளைகளுக்கு நடுவே அனுப்ப வேண்டும். வெட்டும் விளிம்பு தாளைப் பார்த்திருக்க வேண்டும். ஓரிடத்தில் வெட்டு விழவில்லை என்றால் மேலே ஒரு தாளைக் கூடுதலாக வைத்து மறுபடி ஓட்டுவார்கள். பட்டறையில் நாங்களும் இதையேதான் செய்கிறோம், வெட்டு விழாத இடத்துக்கு நேராக மெல்லிய தாள் துண்டை ஒட்டி ஒட்டி உயரம் ஏற்றுவோம். நுணுக்கமான பூ டைக்குள் தாள் சிக்கிக்கொண்டால் ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுக்க வேண்டும். நடுவில் பட்டர் பேப்பர் வைத்து ஓட்டினால் பாதிக் கஷ்டம் குறையும். பிளாஸ்டிக் தட்டை ஒவ்வொரு முறையும் திருப்பிப் போடுங்கள், ஒரே பக்கம் ஓட்டினால் வில்லாக வளைந்துவிடும்.

இவ்வளவையும் செய்கிறவனைப் பார்த்து, 'படம் உன்னுடையது இல்லையே' என்றால் என்ன நியாயம்? அச்சு கடையில் வாங்கியது என்பதால் முறுக்கைக் கடை முறுக்கு என்று எவராவது சொல்கிறார்களா? சரி, சமையலறை வேண்டாம், கலை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதையே எடுத்துக்கொள்வோம். கலம்காரி என்ற துணி ஓவியத்தில் ஸ்ரீகாளஹஸ்திக்காரர்கள் எழுதுகோலால் வரைகிறார்கள். மசூலிப்பட்டினம் பக்கத்தில், பெடனாவில், மர அச்சால் ஒற்றுகிறார்கள். அச்சைச் செதுக்குகிறவர் ஒருவர், துணியில் ஒற்றுகிறவர் இன்னொருவர். ஒற்றியவர் செதுக்கவில்லை என்பதற்காக அந்தத் துணியை யாரும் மில் துணி என்று சொல்வதில்லை. இங்கிலாந்தில் ஹென்றி கோல் 1843-இல் விற்பனைக்கு வெளியிட்ட கிறிஸ்துமஸ் அட்டையைத்தான் அந்த வகையில் முதல் அட்டை என்பார்கள். யோசனை கோலுடையது, படம் ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்தது, கல்லச்சில் அடித்து, பிறகு கையால் வண்ணம் தீட்டினார்கள். அச்சும் கையும் அன்றைக்கே ஒன்றாகத்தான் உட்கார்ந்திருக்கின்றன.

வரையத் தெரிந்தவர்களை நான் மட்டம் தட்டவில்லை. எனக்கு நேர்கோடே வராது, அவர்களைப் பார்த்தால் பொறாமைதான். இந்தப் பொழுதுபோக்குக்குச் செலவு அதிகம் என்று வாதிட வருபவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், அதிகம். ஒரு அட்டைக்கு ஆகும் காசில் கடையில் நல்ல அட்டையே வாங்கலாம். கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது. எல்லாத் துண்டும் வெட்டி, எண்ணிட்டு, ஒட்டுவது மட்டுமே மிச்சம் என்று பெட்டியில் வருகிறதே, அதைக் கேட்டால் எனக்கும் கொஞ்சம் தயக்கம்தான். ஆனால் சின்னப் பிள்ளைகள் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள் என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். 'மெஷின்தானே வெட்டுகிறது' என்ற இதே பேச்சை வேலையிடத்திலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கல்யாணப் பத்திரிகைக்கு வருவார்கள். புரூஃப் கொடுப்போம். குடும்பத்தில் எல்லோரும் கைப்பேசியில் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அச்சடித்து, பொன் ஃபாயில் போட்டு, வெட்டி முடித்துக் கட்டுக் கட்டும் நேரத்தில் ஒருவர் ஓடி வருவார்: மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயருக்குப் பின்னால் 'பி.இ.' விட்டுப்போயிற்று, அவர் கல்யாணத்துக்கே வர மாட்டேன் என்கிறார். பழி யார் மேல்? அச்சகத்தின் மேல். மறுபடி அடிக்கக் கூலி கேட்டால், 'பட்டனைத் தட்டினால் வந்துவிடப் போகிறது, இதற்கென்ன கூலி' என்பார்கள். கையால் தாள் கொடுக்கும் பிளாட்டன் இயந்திரத்தில், அது வாயைத் திறந்து மூடுவதற்குள் ஒரு கையால் தாளை வைத்து மறு கையால் எடுப்பவனுக்குத் தெரியும் அந்தப் பட்டனின் அருமை. கவனம் ஒரு நொடி பிசகி விரலைக் கொடுத்தவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. இதைச் சொன்னால் தாய்மாமனுக்குப் புரியுமா?

சரி, உங்கள் கேள்விக்கு நேரான பதில். அட்டையின் பின்பக்கம் 'கையால் செய்தது' என்று தைரியமாக எழுதுங்கள். யாருக்காவது பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் அதோடு விஷயம் முடிந்தது. விற்கும் எண்ணம் இருந்தால், நீங்கள் வாங்கிய முத்திரைக்கு அந்த நிறுவனம் 'ஏஞ்சல் பாலிசி' என்று என்ன வைத்திருக்கிறது என்று பாருங்கள். பல நிறுவனங்கள், ஒவ்வொன்றாகக் கையால் ஒற்றிய அட்டைகளை அளவோடு விற்றுக்கொள்ள அனுமதிக்கின்றன. ஒற்றிய படத்தை ஸ்கேன் செய்து அச்சடித்து விற்பதைத்தான் தடுக்கின்றன. சிலர் படத்தின் உரிமையாளர் பெயரைப் பின்னால் போடச் சொல்வார்கள், போட்டுவிடுங்கள். கையால் ஒற்றியது வேறு, இயந்திரத்தில் நகல் எடுத்தது வேறு என்று படத்தை விற்றவனே கோடு போட்டிருக்கிறான். எங்கள் நடுவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

படமும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்று ரோஷம் வந்துவிட்டால், ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடையில் உங்கள் வரைபடத்தைக் கொடுங்கள், பாலிமரில் செய்து தருவார்கள். என் மனைவி வாசலில் போடும் சிக்குக் கோலம் ஒன்றை அப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன். கோடு மெல்லியதாக இருந்தால் பதிவில் உடையும், கறுப்புப் பேனாவில் தடிமனாக வரைந்து கொடுங்கள். தபாலில் அனுப்புவதானால் எடை பாருங்கள். ஏ5 அளவு 300 ஜிஎஸ்எம் அட்டை மட்டுமே ஒன்பது கிராமுக்கு மேல் வரும். உறை, ஃபோம் டேப், ஒட்டிய கரும்பு எல்லாம் சேர்ந்து 20 கிராமைத் தாண்டினால் கூடுதல் தபால் தலை ஒட்ட வேண்டும், இல்லையென்றால் வாழ்த்தைப் பெறுகிறவர் தண்டம் கட்டி வாங்க வேண்டியிருக்கும்.