இருபது துண்டு போட்டால் தொடர் ஆகிவிடுமா?

கேள்வி: சில படங்களில் உதவி இயக்குநராக வேலை பார்த்திருக்கிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே அறையில் தங்கியிருக்கும் மூன்று நண்பர்களைப் பற்றி இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒன்லைன் (ஒருவரிக் கதைச் சுருக்கம்) வைத்திருக்கிறேன். தயாரிப்பாளர் அமையவில்லை. அதையே ஏழேழு நிமிடமாக இருபது எபிசோட் பிரித்து யூடியூபில் வெப் சீரிஸாக விடப்போகிறேன். முதல் எபிசோடின் ஸ்கிரிப்டையும் இரண்டாவதின் ஒன்லைனையும் இணைத்துள்ளேன். மீதியை கமென்ட்டைப் பார்த்து வாராவாரம் எழுதிக்கொள்ளலாம். கல்கி அப்படித்தானே எழுதினார்? எந்த கேமரா வாங்கலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விருதுநகர்)

பதில்: கேமராவுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் கத்திரிக்கோலைக் கீழே வையுங்கள்.

நீங்கள் செய்ய நினைப்பதை உங்களைவிடப் பெரிய ஆட்கள் செய்து பார்த்துவிட்டார்கள். ஹாலிவுட் தயாரிப்பாளர் ஜெஃப்ரி காட்சன்பெர்க் ‘க்விபி’ என்ற செயலியை 2020 ஏப்ரலில் தொடங்கினார். எல்லாமே பத்து நிமிடத்துக்கு உட்பட்ட எபிசோட்கள், செல்போனில் பார்க்க. திரட்டிய முதலீடு 175 கோடி டாலர். அதே ஆண்டு டிசம்பரில் கடையைச் சாத்தினார்கள். அவர் கொரோனாவைக் காரணம் சொன்னார். கட்டணம், தொடக்கத்தில் டிவியில் பார்க்க முடியாதது என்று வேறு காரணங்களும் உண்டு. எனக்கு உறுத்துவது வேறொன்று. அங்கே வந்த பல தொடர்கள் முழுப்படத்தை அத்தியாயமாக அறுத்தவை. இரண்டு வருடம் கழித்துத் துண்டுகளை ஒட்டிப் படமாக விற்றுக்கொள்ளலாம் என்று படைப்பாளிகளுக்கு ஒப்பந்தத்திலேயே இடம் கொடுத்திருந்தார்கள். ஒட்டினால் படமாகிவிடும் என்று முதல் நாளே தெரிந்த ஒன்றை எழுதுகிறவர், ஏழாவது நிமிடத்தைப் பற்றி எதற்குக் கவலைப்படப் போகிறார்?

இப்போது உங்கள் முதல் எபிசோட். அலாரம் அடிக்கிறது. பாண்டி எழுந்து பல் துலக்குகிறான். குளியலறை வாசலில் வரிசை. டீக்கடை. “இதுதான் எங்க மேன்ஷன்” என்று வாய்ஸ் ஓவர். ஆறாவது பக்கத்தில்தான் மேனேஜர் வந்து, மூன்று மாத வாடகை பாக்கி, சாயங்காலம் ரூமைப் பூட்டிவிடுவேன் என்கிறார். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால், பார்க்கிறவர் ஐந்து நிமிடம் பல் துலக்குவதைப் பார்த்திருக்க வேண்டும். தியேட்டரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் பொறுத்துக்கொள்வார். போனை வைத்திருப்பவரின் கட்டைவிரல் பொறுக்காது.

கடைசியில் ஒரு போன் வருகிறது, குமரேசன் முகம் வெளிறுகிறது, தொடரும். இரண்டாவது எபிசோடின் ஒன்லைனைப் பார்த்தேன். போன் செய்தது அவன் அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்க. இதற்குப் பெயர் சஸ்பென்ஸ் இல்லை, ஏமாற்று. ஒரு முறை செல்லும், மறுமுறை ஆள் வரமாட்டார்.

உங்கள் சரக்கை வைத்தே மாற்றிப் பார்க்கலாம். பூட்டில் தொடங்குங்கள். கதவு ஏற்கெனவே பூட்டியிருக்கிறது. மூவரும் வராந்தாவில் நிற்கிறார்கள். பாண்டியின் ஒரிஜினல் சர்டிஃபிகேட் உள்ளே, நாளை காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. வாடகைப் பணத்தை மற்ற இருவரும் மாதாமாதம் குமரேசனிடம்தான் கொடுத்திருக்கிறார்கள் என்பது மேனேஜரோடு நடக்கும் வாக்குவாதத்திலேயே வந்துவிடும். “நான் பாத்துக்கறேன்டா” என்று குமரேசன் போகிறான். ரஃபீக்கின் பைக்கை ஆர்.சி. புக்கோடு அடகு வைக்கிறான். திரும்பி வந்து பூட்டைத் திறக்கிறான். “ஏதுடா பணம்?” “அண்ணன் ஜிபே பண்ணுச்சு.” முடிந்தது. பூட்டு திறக்குமா என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது. பைக் எங்கே என்று ரஃபீக் எப்போது கேட்பான் என்ற கேள்வி பிறந்துவிட்டது. அது நமக்குத் தெரியும், ரஃபீக்குக்குத் தெரியாது. பல் துலக்கும் காட்சியே இல்லாமல் மூன்று பேரும் யாரென்றும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு கணக்குத் தீரவேண்டும், ஒரு கடன் ஏறவேண்டும். இப்படிப் பார்த்தால் உங்கள் இருபதில் எட்டோ ஒன்பதோதான் தேறும். தேறட்டும்.

குறைவாக எடுத்தால் போதுமா என்று கேட்பீர்கள். 2019-இல் வந்த ‘ஸ்டேட் ஆஃப் தி யூனியன்’ தேடிப் பாருங்கள். நிக் ஹார்ன்பி எழுதி ஸ்டீஃபன் ஃபிரியர்ஸ் இயக்கியது. பத்து எபிசோட், ஒவ்வொன்றும் பத்து நிமிடம் அளவு. பிரியும் நிலையில் இருக்கும் கணவனும் மனைவியும் வாராவாரம் கவுன்சலிங்குக்குப் போகுமுன் ஒரு பப்பில் சந்தித்துப் பேசுகிறார்கள். அவ்வளவுதான் கதை. கவுன்சலிங்குக்கு நேரமாகிறது என்பதே எபிசோடுக்குக் கடிகாரம். உங்களுக்கு அந்தக் கடிகாரம் என்ன? இரவு பத்து மணிக்கு மேன்ஷன் கேட்டைப் பூட்டுவார்கள் என்று வைத்தால்கூடப் போதும்.

சீனாவில் ஓடுகிற ஒன்றிரண்டு நிமிடச் செங்குத்துத் தொடர்களை (போனை நிமிர்த்திப் பிடித்தபடி பார்ப்பவை) பார்த்துவிட்டு எபிசோடுக்குக் கன்னத்தில் நான்கு அறை, ஒரு மறுபிறவி என்று எழுதிவிடாதீர்கள். அவை அறுபது, எண்பது எபிசோட் போகும். முதல் சில இலவசம், பிறகு காசு. காசு கேட்கும் இடத்துக்கு முன்னால் பெரிய அதிர்ச்சி வைப்பது அந்தக் கல்லாவின் கட்டாயம். உங்களிடம் கல்லாவே இல்லை.

அடுத்தது கல்கி. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது உண்மை. ஆனால் வந்தியத்தேவனுக்குக் கால்ஷீட் கிடையாது. அவன் இடையில் வேறு படத்துக்காக மீசையை எடுத்துவிட்டு வரமாட்டான். கடம்பூர் மாளிகைக்கு நாள் வாடகையும் இல்லை. உங்களுக்கு மேன்ஷன் அறை மூன்று நாள்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று நாளில் எல்லா எபிசோடின் அறைக் காட்சிகளையும் எடுத்தாக வேண்டும். ஏழாவது எபிசோடில் அறையில் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் எப்படி எடுப்பீர்கள்? சீனாக்காரர்கள்கூட மொத்தத் தொடரையும் ஒரு வாரம் பத்து நாளில் ஒரே மூச்சில் எடுத்து முடிக்கிறார்கள். உதவி இயக்குநராக இருந்தவருக்கு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறதே!

எனவே கடைசி எபிசோடை முதலில் எழுதுங்கள். மூவரில் யார் அந்த அறையில் மிச்சம் இருக்கிறான் என்பது முடிவானால், நடுவில் எது வேண்டாம் என்பது தானாகத் தெரியும். கமென்ட்டைப் படியுங்கள், அடுத்த சீசனுக்கு உதவும்.

முன்கதைச் சுருக்கம் வேண்டாம். பத்திரிகையில் நாங்கள் போட்டோம் என்றால் படிப்பவருக்கு நடுவில் ஒரு வாரம் போயிருக்கும். ஏழு நிமிடத்தில் ஒரு நிமிடத்தை அதற்குக் கொடுக்க முடியாது. ஒரே மூச்சில் பார்ப்பவருக்கு எரிச்சல் வேறு. நாலாவது எபிசோடில் தற்செயலாக நுழைகிறவருக்கு, “பைக் சர்வீஸ்ல இருக்குடா” என்று குமரேசன் மூன்றாம் முறையாகப் பொய் சொல்லும் விதத்திலேயே விஷயம் விளங்க வேண்டும்.

கேமரா வாங்காதீர்கள். நல்ல போன் ஒன்று போதும். மிச்சப் பணத்தில் மூன்று காலர் மைக் வாங்குங்கள், ஆளுக்கொன்று. மேன்ஷன் ஃபேன் ஓடினால் வசனம் கேட்காது, நிறுத்தினால் மூன்று பேருக்கும் சட்டை நனைந்து, ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் பொருந்தாமல், கன்டினியூட்டி போய்விடும். மே மாதத்தில் ஷூட்டிங் வைக்காதீர்கள்.