பட்டறை பதில்கள்: முன்பாரமா, பின்பாரமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: லாரி மேல் வீடு. எல்லாரும் ஒரே வீடியோவைப் பார்த்திருப்பார்கள் போல. நான் கும்பகோணம் பக்கம் 41 வருஷமாக லாரிக்கு பாடி கட்டுகிறவன். அமெரிக்கா போனதில்லை. ஆனால் சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், எந்த ஊரில் நின்றாலும் பாரத்துக்கு ஒரே மாதிரிதான் வளையும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் மகன் டெக்ஸாஸில் பழைய வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். முன்னால் கேபின், பின்னால் வெறும் சேஸி. அதன் மேல் சின்ன வீடு மாதிரி ஒரு பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் சுற்றப் போகிறானாம். பெட்டி 4,000 பவுண்டுதான், வண்டி 19,500 பவுண்டு தாங்கும், கவலையே வேண்டாம் என்கிறான். எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொல்வது சரியா?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், நீடாமங்கலம்

பதில்: சார், பையன் சொன்ன இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கும். இரண்டையும் வைத்துப் போட்ட கணக்குதான் தப்பு.

19,500 பவுண்டு என்பது வண்டி சுமக்கிற சரக்கின் எடை இல்லை. வண்டி, டீசல், ஆள், பெட்டி, பெட்டிக்குள் இருக்கிற கரண்டி வரைக்கும் சேர்த்த மொத்த எடை. நம் கணக்கில் சுமார் 8,845 கிலோ. அந்த ஊரில் அதை ஐந்தாம் வகுப்பு லாரி என்பார்கள்; ஃபோர்டு எஃப் 550, ராம் 5500 எல்லாம் இந்த ஜாதி. டிரைவர் கதவைத் திறந்தால் நிலைப் பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மொத்த எடை, முன் அச்சு தாங்குவது, பின் அச்சு தாங்குவது மூன்றும் அதில் தனித்தனியாகப் போட்டிருக்கும். மூன்றில் எது முதலில் முட்டுகிறதோ அதுதான் வண்டியின் எல்லை. பெட்டி வண்டிகளில் பெரும்பாலும் பின் அச்சுதான் முதலில் முட்டும்.

அந்த 4,000 பவுண்டு இருக்கிறதே, அது பெண் பார்க்கக் கொடுத்த போட்டோ மாதிரி. காலிப் பெட்டியின் எடை. தண்ணீர் கிடையாது, கேஸ் சிலிண்டர் கிடையாது, துணிமணி, அரிசி, பாத்திரம் எதுவும் கிடையாது. அமெரிக்க காலனில் 50 காலன் தண்ணீர் பிடித்தாலே 190 கிலோ ஏறிவிடும். இரண்டு சிலிண்டர், பேட்டரி, ஏசி, மருமகளின் மிக்ஸி கிரைண்டர் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆகவே பையனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எடை மேடை சீட்டு. முதலில் வெறும் வண்டியை, டேங்க் நிறைய டீசலோடு, ஆள் உட்கார்ந்து எடை போடட்டும். அப்புறம் பெட்டியை ஏற்றி, தண்ணீர் நிரப்பி, கிளம்பப் போகிற அன்றைக்கு எப்படி இருக்குமோ அப்படியே மறுபடி போடட்டும். முழு வண்டிக்கு ஒரு சீட்டு. முன் சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு சீட்டு. பின் சக்கரம் மட்டும் நிற்க ஒரு சீட்டு. நம்ம ஊர் அரிசி மில் மேடையிலும் இப்படித்தான் அச்சு எடை பார்ப்போம். சீட்டு இல்லாமல் என்னிடம் பாடி கட்ட வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

எடை சரியாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. என் அப்பா கட்டை வண்டி செய்தவர். புது வண்டியில் முதல் நெல் மூட்டை ஏற்றும்போது ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். மூட்டை பின்னால் தள்ளி அடுக்கியிருந்தால் நுகத்தடி மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். ரொம்ப முன்னால் அடுக்கினால் மாட்டின் பிடரி புண்ணாகும். “துளி முன்பாரம் இருக்கணும்டா, மாடு வண்டியை மறக்கக் கூடாது” என்பார். லாரிக்கும் அதே கணக்குதான். மாட்டுக்குப் பதில் முன் சக்கரம். பெட்டியின் நடுப்பாரம், அதாவது மொத்த எடையும் ஒன்றுகூடி விழுகிற புள்ளி, பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். அந்த நாட்டில் பெட்டி செய்கிறவர்கள் எடை எவ்வளவு, நடுப்பாரம் எங்கே விழுகிறது என்பதைத் தாளில் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தத் தாளைத் தேடச் சொல்லுங்கள்.

இங்கேதான் சேஸியின் நீளம் வருகிறது. கேபினின் முதுகிலிருந்து பின் அச்சின் மையம் வரை அளந்தால் அந்த வண்டிகளில் 60 அங்குலம், 84 அங்குலம் என்பவை சாதாரணமாகக் கிடைக்கும் அளவுகள். பெட்டியின் நடுப்பாரம் அதன் முன்சுவரிலிருந்து 62 அங்குலத்தில் இருக்கிறது, கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவில் 4 அங்குலம் சந்து விடுகிறோம் என்று வையுங்கள். மொத்தம் 66. 60 அங்குல வண்டியில் பாரம் அச்சுக்கு 6 அங்குலம் பின்னால் போய்விடும். 84 அங்குல வண்டியில் 18 அங்குலம் முன்னால் நிற்கும். ஒரே பெட்டிதான், ஒரு வண்டியில் பொருந்தும், இன்னொன்றில் பொருந்தாது. பையன் வாங்கிய வண்டி எது என்று நீங்கள் எழுதவில்லை. டேப்பை எடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

பின்பாரத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1994-ல் ஒரு சமையல் காண்டிராக்டருக்கு நடமாடும் அடுப்படி கட்டினேன். குழாய் திறக்க வசதியாக இருக்கட்டும் என்று 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை வாலில் வைத்தேன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 3 மீட்டர்; தொட்டி பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால். கணக்குப் போட்டால், தொட்டி நிரம்பியதும் பின் அச்சில் 500 இல்லை, 750 கிலோ கூடுகிறது. முன் அச்சிலிருந்து 250 கிலோ காணாமல் போகிறது. நான் அப்போது கணக்குப் போடவில்லை. அணைக்கரைப் பாலத்தில் ஓட்டிக்கொண்டு போன டிரைவர் திரும்பி வந்து, “அண்ணே, ஸ்டியரிங்கைப் பிடிச்சா பட்டத்து நூலைப் பிடிச்ச மாதிரி இருக்கு” என்றார். அன்றைக்கே தொட்டியைப் பிடுங்கி கேபினுக்கு முதுகு ஒட்டி வைத்தேன். கூலி கேட்க வாய் வரவில்லை.

அடுத்தது, பெட்டியை எதன் மேல் வைப்பது. சாதாரண பிக்கப் தொட்டிக்குள் இறங்குவதற்காகச் செய்த பெட்டி என்றால் அடிப்பக்கம் குறுகலாகவும், இடுப்புக்கு மேல் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்தும் இருக்கும். சேஸி மேல் சமதளமாகப் பலகை அடித்து அதில் வைத்தால் இறக்கைக்குக் கீழே இரண்டு பக்கமும் காலியாகக் கிடக்கும். அந்த இடத்தில் சாமான் பெட்டி செய்துகொள்ளலாம். கனமான சாமானைத் தாழ்வாக வைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. சேஸி வண்டியின் தளம் பிக்கப்பைவிட உயரமாக நிற்கும், அதனால் பெட்டியும் உயரும். வைக்கோல் லாரி தஞ்சாவூர் ரோட்டில் ஆடிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். வைக்கோலாவது கனமில்லாதது. ஆகவே தளத்தை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தச் சொல்லுங்கள்.

சேஸி வண்டியில் ஒரு சௌகரியம் உண்டு. கேபினுக்குப் பின்னால் சேஸியின் இரண்டு இரும்புச் சட்டமும் வளைவில்லாமல் நேராக, 34 அங்குல அகலத்தில் ஓடும். தளம் கட்டுகிறவனுக்கு அது வரம். ஆனால் அந்தச் சட்டத்தில் வெல்டிங் வைக்கக் கூடாது. சட்டத்தின் மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் துளை போடக் கூடாது. வண்டி வளையும்போது விசையில் பெரும்பங்கு அங்கேதான் ஓடும், விரிசலும் அங்கேதான் ஆரம்பிக்கும். தனியாக ஒரு துணைச் சட்டம் செய்து, நடுவில் கட்டையோ ரப்பரோ பேக்கிங் கொடுத்து, பின்பக்கம் இறுக்கமாகவும் முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த போல்ட்டிலும் பிடிக்க வேண்டும். பெட்டியை இழுத்துக் கட்டுகிற கொக்கிகளும் பலகையில் இல்லாமல் சட்டத்தில் போய்ச் சேர வேண்டும். பக்கத்தில் எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

ஏன் முன்பக்கம் ஸ்பிரிங்? இதை மட்டும் பையன் தானே செய்து பார்க்கட்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒரு முன் சக்கரத்துக்குக் கீழே முக்கால் அடி உயரக் கட்டை கொடுத்து ஏற்றிவிட்டு, பின்னால் போய் நின்று பார்க்கட்டும். கேபின் கூரையின் கோடு ஒரு பக்கம் சாயும், தளத்தின் கோடு அந்த அளவுக்குச் சாயாது. இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி விரியும். சேஸி முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். அது கோளாறு இல்லை, அப்படி முறுக்கத்தான் செய்திருக்கிறார்கள். கேபினுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியின் மூக்குக்கும் கூரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது, இப்போது ஒரு மூலையில் இரண்டு விரல் ஆகியிருக்கும். வயல் இறக்கத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நின்ற இடத்திலேயே பார்த்துவிடலாம்.

இன்னும் மூன்று சின்ன விஷயம். பெட்டியை நாலு மூலையிலும் ஜாக்கி வைத்துத் தூக்கி, வண்டியைப் பின்னோக்கி அடியில் விட்டு இறக்குவார்கள். பின்னால் இரட்டை டயர் என்பதால் ஜாக்கிக் கால்கள் டயரில் இடிக்கும். கால்களை வெளியே தள்ளி நிறுத்த பிராக்கெட் போட வேண்டும். பெட்டி இல்லாமல் வெறும் வண்டியை ஓட்டினால் கட்டை வண்டி மாதிரி குதிக்கும், அதற்காக யாராவது ஸ்பிரிங் பட்டையைக் கழற்றி மெலிசாக்கச் சொன்னால் கேட்க வேண்டாம். ஓடும்போது பெட்டிக்குள் ஆள் உட்காரலாமா என்பதில் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. பேரப் பிள்ளைகள் கேபினிலேயே பெல்ட் போட்டு உட்காரட்டும்.

கேள்வி: நெல் அறுப்பு மெஷின் ஏற்றும் லாரி வைத்திருக்கிறேன். சம்பா அறுவடை முடிகிறவரை டிரைவரும் ஆளும் வண்டியிலேயே கிடக்கிறார்கள். கேபினுக்கு மேல் ஒரு படுக்கை அறை வெல்டிங் வைத்துத் தர முடியுமா?
— மன்னார்குடி வாசகர்

பதில்: முடியாது தம்பி. மெஷின் ஏறினால் வண்டி ஏற்கெனவே உயரம். ஆற்றங்கரை ரோட்டில் கரண்டு கம்பியும் புளியங்கிளையும் எவ்வளவு தாழ்வு என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். அடுத்த வண்டி வாங்கும்போது ஸ்லீப்பர் கேபினோடு வரும் சேஸியாகப் பாருங்கள். அதுவரை நல்ல கொசுவலை, ஒரு மடக்குக் கட்டில், பாட்டரியில் ஓடும் ஃபேன். ஆட்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

கேள்வி: பழைய டாடா 407 லாரி ஒன்று விலைக்கு வருகிறது. அதில் கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வைத்து, குடும்பத்தோடு நவக்கிரகக் கோயில் சுற்றி வர ஆசை. 6 பேர். என்ன செலவாகும்?
— மயிலாடுதுறை வாசகி

பதில்: அம்மா, செலவுக்கு முன்னால் ஆர்.சி. புத்தகம். சரக்கு வண்டி என்று பதிவான வண்டியின் பின்பக்கம் ஆளை ஏற்ற முடியாது, கட்டில் போட்டாலும் சரி, சோபா போட்டாலும் சரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து பதிவு விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. மோட்டார் கேரவன் என்று தனி வகை இருக்கிறது, அதற்கு ஏஐஎஸ் 124 என்று தனித் தரமும் இருக்கிறது. அந்த வழியில் ஒப்புதலோடு செய்யும் இடத்தில் செய்ய வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டு விடுங்கள். என்னை மாதிரி பட்டறைக்காரன் “அதெல்லாம் பார்த்துக்கலாம்மா” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். லைசென்ஸ் விஷயத்தில் பயம் வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். திங்களூர் தொடங்கி திருநள்ளாறு வரை ஒன்பதும் உங்கள் வாசலைச் சுற்றியே இருக்கின்றன. வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் ஒரு நாள். மற்றது இன்னொரு நாள். ராத்திரி வீட்டுக்கே வந்து படுக்கலாம். காசிக்குப் போவதாக இருந்தால் எழுதுங்கள், உட்கார்ந்து பேசலாம். அப்படிக் கட்டினால் தகரத்துக்கு உள்ளே சூட்டைத் தடுக்கும் பஃப் பேனல் கட்டாயம். சித்திரை வெயிலில் வெறும் தகர அறை அப்பளம் பொரிக்கத்தான் ஆகும்.

கேள்வி: பொலேரோ கேம்பர் வாங்கினால் அதில் படுத்துத் தூங்கலாமா?
— கல்லூரி மாணவர், திருவாரூர்

பதில்: பெயரில்தான் கேம்பர். இரண்டு வரிசை சீட்டு, பின்னால் திறந்த தொட்டி. நாற்றுக்கட்டு ஏற்றலாம், உரமூட்டை ஏற்றலாம். தூங்குவதாக இருந்தால் தார்ப்பாயும் கொசுவத்தியும் உங்கள் செலவு.