64-க்கு எப்போது இறங்கும்? நெடுந்தூரக் குதிரைகளின் இதயத் துடிப்பு: கேள்வி-பதில்

நெடுந்தூரப் போட்டியில் குதிரையை நிறுத்திச் சோதிக்கும் இடமான வெட் கேட்டில் மருத்துவர் எண்ணுவதும் நாங்கள் எண்ணுவதும் ஒத்துப்போவதில்லை. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிறோம்.

அந்தப் பெருக்கலில்தான் கோளாறு. நிமிடத்துக்கு 64 துடிப்புதான் எல்லை. 16 எண்ணினால் 64, குதிரை தேறிவிட்டது. 17 எண்ணினால் 68, தேறவில்லை. எண்ணிக்கையில் ஒன்று பிசகினால் நிமிடக் கணக்கில் 4 பிசகும். எல்லையை நெருங்கும்போது முழு நிமிடம் எண்ணுங்கள். இடது முன்னங்காலைச் சற்று முன்னால் வைக்கச் செய்து, முழங்கைக்குப் பின்னால் வயிற்றுப்பட்டி படும் இடத்தில் ஸ்டெதஸ்கோப்பை உள்நோக்கி அழுத்துங்கள். "லப்-டப்" இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு. இரண்டாக எண்ணிப் பதறுகிறவர்கள் நிறைய.

லாயத்தில் ஓய்வாக நிற்கும்போது நடுவே ஒரு துடிப்பு விட்டுப்போகிறது. ஆபத்தா?

நல்ல பயிற்சியுள்ள குதிரைகளில் இது சகஜம். கொஞ்சம் ஓட்டியதும் மறைந்துவிட்டால் கவலை வேண்டாம். ஓட்டிய பிறகும் தாளம் தப்பினால் இசிஜி எடுத்துப் பார்க்காமல் பயணத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

குதிரை அமைதியாக நிற்கிறது, இதயத் துடிப்பு மானிட்டரோ 110 என்கிறது.

ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள். 55 வந்தால் மானிட்டர் இரட்டிப்பாக எண்ணுகிறது. குதிரையின் இசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் வரும் டி அலை பெரிதாக இருப்பதால் சில கருவிகள் அதையும் தனித் துடிப்பாகக் கணக்கில் சேர்த்துவிடும். எண் தாறுமாறாகக் குதித்தால் பெரும்பாலும் தொடர்பு சரியில்லை. ஒரு மின்முனை சேணத்தின் அடியில் இடது தோள்மேட்டுப் பக்கம், மற்றது வயிற்றுப்பட்டியின் அடியில் இடது முழங்கைக்குப் பின்னால் இருக்க வேண்டும். கிளம்பும் முன் அந்த இடத்து முடியைத் தோல்வரை நனைத்து ஜெல் தடவுங்கள். வியர்க்கத் தொடங்கியபின் தொடர்பு தானே சீராகும்.

லூப் (பாதையின் ஒரு சுற்று) முடிந்து எத்தனை நிமிடத்தில் இறங்கினால் நல்லது?

எஃப்இஐ (சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு) போட்டிகளில் இடை லூப்புகளுக்கு 15 நிமிடத்துக்குள் 64. அது விதி. உங்கள் இலக்கு அதைவிடக் கடுமையாக இருக்கட்டும்: 2 நிமிடத்தில் 100-க்குக் கீழ், 10 நிமிடத்துக்கு முன்பே 64. அமெரிக்காவின் டெவிஸ் கோப்பை போன்ற 100 மைல் பயணங்களில் துடிப்பு இறங்கிய பிறகே ஓய்வு நேரக் கணக்கு தொடங்குகிறது. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பயண நேரத்தில்தான் சேரும்.

எண்ணைவிட அது இறங்கும் விதம் முக்கியம். ஓட்டம் நின்றதும் முதல் ஓரிரு நிமிடத்தில் துடிப்பு சட்டென்று சரியும். பிறகு வரும் மெதுவான இறக்கத்தைத் தடுப்பவை உடல் சூடும் நீரிழப்பும் வலியும். முதலில் நன்றாகச் சரிந்து 72-லேயே நின்றுவிட்டால் ஈறு நிறம், குடல் சத்தம், தொடைத் தசை இறுக்கம் மூன்றையும் உடனே பாருங்கள். வயிற்றுவலியோ தசைப்பிடிப்போ தொடங்கியிருக்கலாம். துணைக் குதிரையைப் பிரித்ததாலும் 10, 20 கூடும், ஆனால் அது ஏறி இறங்கும், ஒரே இடத்தில் நிற்காது.

பயிற்சியில் ஒரே பாதையில் 2, 5, 10-ஆம் நிமிட எண்களை வெப்பநிலையோடு குறித்துவையுங்கள். வழக்கமாக 5-ஆம் நிமிடம் 60 காட்டும் குதிரை ஒரு நாள் 70 காட்டினால், விதிப்படி தேறினாலும் வேகத்தைக் குறையுங்கள்.

60-க்கு வந்தது, ட்ராட் (மிதவேக ஓட்டம்) காட்டியதும் 72. ஏன்?

இதைக் கண்டுபிடிக்கத்தான் கெர்ரி ரிட்ஜ்வே என்ற கால்நடை மருத்துவர் வகுத்த சோதனை. துடிப்பை எண்ணிக்கொண்டு, 125 அடி போய் 125 அடி திரும்ப ட்ராட்டில் ஓட்டுங்கள். ஓடத் தொடங்கிய கணத்திலிருந்து ஒரு நிமிடம் முடிந்ததும் மறுபடி எண்ண வேண்டும். பழைய எண்ணோ அதற்குக் குறைவோ வந்தால் நல்லது. 4 வரை கூடினால் பொறுத்துப் பார்க்கலாம். 12 கூடியிருக்கிறது என்றால் களைப்போ வலியோ உள்ளே ஒளிந்திருக்கிறது. அடுத்த லூப்புக்கு விடாதீர்கள்.

குதிரையைக் குளிர்விக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றி வழித்தெடுக்க வேண்டுமா?

வழிக்க நிற்காமல் கழுத்து, மார்பு, விலா, தொடை எங்கும் மேலும் மேலும் ஊற்றுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரை இறங்கி நடத்தி வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

விலா இதயத்தோடு சேர்ந்து வெட்டி வெட்டி இழுக்கிறது.

பயணத்தை அங்கேயே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள். வியர்வையில் குளோரைடு, பொட்டாசியம், கால்சியம் போய், இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் உதரவிதானமும் சேர்ந்து சுருங்குகிறது. சிரைவழிக் கால்சியத்தை மருத்துவர்தான், அதுவும் இதயத்தைக் கேட்டுக்கொண்டே மெதுவாக ஏற்ற வேண்டும். இது மறுபடி மறுபடி வரும் குதிரையானால், பயணத்துக்கு முந்தைய நாள்களில் கால்சியம் மிகுந்த தீவனமான குதிரைமசாலைக் குறையுங்கள். தீவனத்தில் எப்போதும் கால்சியம் மிதமிஞ்சி இருந்தால், எலும்பிலிருந்து அதை வேகமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் உடலுக்கு மந்தமாகிவிடும்.