ஊட்டிக்குக் கிளம்பும் தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கு: கேள்வி பதில்

விடுமுறை நெருங்கினால் நம் பக்கத்தில் பல வீடுகளில் ஊட்டிப் பேச்சுதான். குடும்பங்களை மலைக்கு அழைத்துப் போவது என் தொழில் என்பதால், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

பென்னாகரத்திலிருந்து ஒரு அக்கா: ஒரு ராத்திரி தங்கினால் ஊட்டியை முழுசாகப் பார்த்துவிட முடியுமா தம்பி?

முடியாது அக்கா. போகவே ஆறேழு மணி நேரம் ஆகும். ஒரு ராத்திரி என்றால் பிள்ளைகள் வண்டியிலேயே வாடிவிடுவார்கள். குறைந்தது இரண்டு ராத்திரி வையுங்கள். இன்னொன்று, "பன்னிரண்டு பாயின்ட் காட்டுகிறோம்" என்று யாராவது பட்டியல் நீட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடம் நின்று போட்டோ எடுத்துவிட்டு ஓடுவதில் மலை எங்கே கண்ணில் படும்? ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மிச்ச நேரம் நடங்கள். ஊட்டி நடந்து பார்க்க வேண்டிய ஊர்.

பாப்பாரப்பட்டி தம்பி: சொந்தக் காரில் எந்த வழியாகப் போகலாம் அண்ணா?

தொப்பூர், மேட்டூர், பவானி, கோபி, சத்தியமங்கலம், புளியம்பட்டி, மேட்டுப்பாளையம். சேலம் நகர நெரிசலுக்குள் போகாமலே போய்விடலாம். தொப்பூர் கணவாய் இறக்கத்தை மட்டும் சாதாரணமாக நினைக்காதே. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதிய விபத்துகள் அங்கே எத்தனையோ. லாரிக்கு முன்னால் ஒட்டிப் போகாதே.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழி ஒன்று, கோத்தகிரி வழி ஒன்று. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வா. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காது. மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை.

ஓசூர் நண்பர்: இ-பாஸ் கட்டாயமா?

ஆமாம். நீலகிரிக்குள் வண்டியில் போக ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு அது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆன்லைனில் பதிந்தால் கட்டணம் கிடையாது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அதனால் அறை போடும் முன் பாஸ் எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள்.

ஊத்தங்கரை ஆசிரியர்: மலை ரயிலில் போக ஆசை. கிருஷ்ணகிரிக்கு ரயிலே இல்லையே, என்ன செய்வது?

ஐயா, இந்தக் கேள்வி வந்ததே எனக்குச் சந்தோஷம். சேலம் போய்விடுங்கள். சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் நள்ளிரவு தாண்டி சேலத்துக்கு வரும். அதில் ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையம். மலை ரயில் காலை 7.10-க்குக் கிளம்புகிறது, ஊட்டி சேர மதியம் ஆகும்.

மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள், சுமார் 250 பாலங்கள், 208 வளைவுகள். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கும். 12 அடி போனால் 1 அடி உயரும் அளவுக்குச் செங்குத்து. சாதாரணச் சக்கரம் அதில் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வரிசை போட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஆள் நிற்பார். பிள்ளைகளை இறக்கி இதையெல்லாம் காட்டுங்கள் ஐயா, பாடப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவாகப் புரியாது. குன்னூர் வரை 1899-இலும், ஊட்டி வரை 1908-இலும் ரயில் ஓடத் தொடங்கியது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், சீக்கிரமே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே ஓடும் ரயிலில் ஒரு நடை போய் வாருங்கள். பல்சக்கரப் பகுதி அதில் வராது, ஆனால் லவ்டேல், வெலிங்டன் பக்கம் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் அடிக்கடி ரத்தாகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அரூர் கல்லூரி மாணவி: கூட்டமில்லாமல் பார்க்க என்ன இருக்கிறது அண்ணா?

தாவரவியல் பூங்காவுக்குக் காலையில் திறந்ததும் போய்விடு தங்கச்சி. 1848-இல் தொடங்கிய பூங்கா, 55 ஏக்கர். பூப்பாத்தியோடு திரும்பிவிடாதே. உள்ளே 2 கோடி ஆண்டு பழமையான, கல்லாகிப் போன மரம் ஒன்று கிடக்கிறது. பலர் அதைக் கவனிக்காமலே கடந்து போகிறார்கள்.

அப்புறம் புனித ஸ்டீபன் தேவாலயம். 1831-இல் திறந்தது. அதன் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து எடுத்து வந்த மரம். நம் பாரமகாலும் (தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் பழைய பெயர்) 1792 வரை திப்புவின் கையில்தான் இருந்தது. கிருஷ்ணகிரிக் கோட்டையையும் ராயக்கோட்டையையும் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்த உத்தரத்தின் கீழே நிற்பது வேறு மாதிரி இருக்கும். உள்ளே அமைதியாகப் போய் வா.

தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயரமான சிகரம். பகலில் மேகம் மூடிவிடும், காலையிலேயே போய்விடு.

காரிமங்கலம் அண்ணன்: அப்பாவுக்கு எழுபது வயது. கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், சிலருக்கு லேசாக மூச்சு வாங்கும். நெஞ்சு வலி, ஆஸ்துமா இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள் அண்ணா. போன அன்று ஓய்வு, மறுநாள் குன்னூர் சிம்ஸ் பூங்கா. குன்னூர் ஊட்டியைவிடத் தாழ்வு, குளிரும் குறைவு. டிசம்பர், ஜனவரியில் மட்டும் வேண்டாம், உறைபனி விழும்.

மத்தூர் தம்பி: வாங்கி வர என்ன அண்ணா?

தேயிலைத் தூளும், வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டும். சிறு விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பான இன்கோசர்வ் கடையில் தூள் வாங்கினால், தேயிலை விளைவித்தவர்களுக்கே பணம் போகும். தோடர் பெண்கள் கறுப்பும் சிவப்பும் நூலால் போடும் பூவேலைச் சால்வை விலை அதிகம்தான். கையால் இழை எண்ணிப் போடுகிறார்கள், பேரம் பேசாதே.

பாலக்கோடு அக்கா: எங்களுக்கு ஒரே நாள்தான் லீவு. என்ன செய்வது?

அப்படியானால் ஊட்டியை விட்டுவிட்டு ஏற்காடு போங்கள் அக்கா. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம். விடியும்போதே கிளம்பினால் காலைச் சாப்பாட்டுக்கு ஏரிக்கரையில் இருக்கலாம். சேர்வராயன் கோயில், பகோடா பாயின்ட், குடுவைத் தாவரம் வளர்க்கும் ஆர்க்கிட் தோட்டம், இவை மூன்றும் போதும். கிளியூர் அருவியை மழைக்குப் பிறகு பாருங்கள், கோடையில் வறண்டிருக்கும். இருட்டும் முன் அடிவாரம் இறங்கிவிடுங்கள்.