மண் அணைக் கரையைக் காப்பது எப்படி? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் பாசன அணையில் கலிங்கு (நிரம்பிய அணையின் கூடுதல் நீர் வெளியேறும் வழி) வழியத் தொடங்கியதும், தண்ணீர் வீணாகிறதே என்று அதன் மேல் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். 40 செ.மீ. உயர்த்தினால் என்ன ஆகிவிடும்?

கரையே போய்விடலாம். மண் அணை தன் உச்சியைத் தாண்டித் தண்ணீர் வழிவதைத் தாங்காது. வெளிச்சரிவில் இறங்கும் வெள்ளம் முதலில் புல்லைப் பெயர்க்கும். பிறகு சரிவில் பள்ளம் பறிக்கும். அந்தப் பள்ளம் மேல்நோக்கி அரித்துக்கொண்டே போய்க் கரை உச்சியைத் தொட்டுவிட்டால், அதன் பிறகு உடைப்பை நிறுத்த ஆளும் இல்லை, எந்திரமும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். கலிங்கு 10 மீட்டர் அகலம், கரை உச்சி கலிங்குத் தளத்தைவிட 1.5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அலைக்கும் கரை அமுங்குவதற்கும் 50 செ.மீ. ஒதுக்கினால், வெள்ளம் போக மிஞ்சுவது 1 மீட்டர் ஆழம். அந்த ஆழத்தில் நொடிக்குச் சுமார் 17 கன மீட்டர் வெளியேறும். மூட்டை அடுக்கியதும் ஆழம் 60 செ.மீ. ஆகிறது, வெளியேறுவது சுமார் 8 கன மீட்டர்தான். அதாவது 40 செ.மீ. மூட்டை, கலிங்கின் திறனில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. நள்ளிரவு மழையில் நீரோட்டத்துக்குள் இறங்கி அவற்றை எடுக்க யாராலும் முடியாது. அவை தாமாகப் புரண்டாலோ, தேங்கிய நீர் மொத்தமாகக் கீழே பாயும்.

மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் வலை கட்டுவதும் இதே தவறுதான். இலை தழை சேர்ந்து வலை சுவராகிவிடும். ஷட்டர் வைத்த அணைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 1977இல் தமிழ்நாட்டின் கோடகனாறு மண் அணையில் மின்சாரம் தடைப்பட்டு ஷட்டர்களை முழுதாக உயர்த்த முடியாமல் போனது. கையால் இயக்கிப் பார்த்தும் பலனில்லை. வெள்ளம் கரை மேல் வழிந்து உடைத்தது. ஷட்டர் இருந்தால் கைப்பிடி, பற்சக்கரம், கிரீஸ் எல்லாவற்றையும் மழைக்காலத்துக்கு முன் மேலும் கீழும் முழுதாக ஓட்டிப் பாருங்கள்.

கூடுதல் நீர் வேண்டுமென்றால் தூர் வாருங்கள். ஆனால் கரையின் உள் அடிவாரத்தை ஒட்டித் தோண்டாதீர்கள். அங்கே நீர் புகாமல் காக்கும் களிமண் படுகையை வெட்டிவிட்டால், அடுத்த ஆண்டே வெளிப்புறத்தில் ஊற்று கிளம்பும்.

கேள்வி: வெளிச்சரிவின் அடியில் ஒரு இடம் எப்போதும் ஈரமாக இருக்கிறது. இப்போது சிறு ஊற்றாகக் கசிகிறது. களிமண் போட்டு அடைத்துவிடலாமா?

அடைக்காதீர்கள். எந்த மண் அணையிலும் கொஞ்சம் கசிவு இருக்கத்தான் செய்யும். கேட்க வேண்டிய கேள்வி, தண்ணீரோடு மண்ணும் வெளியே வருகிறதா என்பது. வருகிறது என்றால் கரைக்குள் ஒரு சிறு துளை உருவாகி, வெளியிலிருந்து நீர்ப்பக்கம் நோக்கி வளர்ந்துகொண்டிருக்கலாம். களிமண்ணால் வெளிவாயை மூடினால் உள்ளே நீரழுத்தம் கூடும். தண்ணீர் வேறு வழி தேடும், அல்லது சரிவு முழுவதும் ஊறிப்போய்ச் சரியும்.

நிறமற்ற ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் ஊற்று நீரைப் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் படிந்திருந்தால் அது எச்சரிக்கை. பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தால் மாற்றம் கண்ணுக்கே தெரியும்.

அளவும் தெரிய வேண்டும். கசிவைச் சிறு வாய்க்காலில் சேர்த்து, 90 பாகை வி வடிவ வெட்டு கொண்ட தகட்டைக் குறுக்கே நிறுத்துங்கள். தகட்டுக்குச் சற்று முன்னால், நீர் வரும் பக்கத்தில், வெட்டின் கூர்முனையிலிருந்து நீர் 5 செ.மீ. உயர்ந்தால் நொடிக்கு ஏறக்குறைய 0.8 லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் அளவு ஐந்தரை மடங்குக்கு மேல் போகிறது என்பதால், ஸ்கேலில் அரை சென்டிமீட்டரையும் விடாமல் குறியுங்கள். தகடு கிடைக்காவிட்டால் 10 லிட்டர் வாளி நிரம்பும் நேரம் போதும். ஒவ்வொரு முறையும் அணையின் நீர்மட்டத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். நீர்மட்டம் ஏறும்போது கசிவு கூடுவது இயல்பு. நீர்மட்டம் நிலையாக இருந்தும் கசிவு கூடினால் அன்றே பொறியாளரை அழையுங்கள்.

அதுவரை செய்யக்கூடிய தற்காப்பு, தலைகீழ் வடிகட்டி. ஊற்றின் மேல் முதலில் பருமணல், அதன் மேல் பொடி ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி, ஒவ்வொன்றும் 20 முதல் 30 செ.மீ. வரை. தண்ணீர் வெளியேறும், மண் தங்கும். வரிசையை மாற்றி நேரடியாக ஜல்லியைக் கொட்டினால் இடுக்குகள் வழியே மண் போய்க்கொண்டே இருக்கும்.

ஊற்று மதகுக் குழாயின் அருகில் இருந்தால் கவலை இருமடங்கு. குழாயின் அடிவளைவில் மண்ணை இறுக்கிக் கெட்டிப்படுத்துவது கடினம். கட்டும்போதே அங்கே இடைவெளி தங்கிவிடும். வால்வு வெளிமுனையில் மட்டும் இருந்தால் குழாய் எந்நேரமும் கரைக்குள் முழு அழுத்தத்தில் நிற்கும். துருப்பிடித்த ஒரு துளை போதும். வால்வோ அடைப்புக் கதவோ நீர்ப்பக்கத்தில் இருப்பதே நல்லது.

கேள்வி: கரையில் நிற்கும் மரங்களின் வேர் மண்ணைப் பிடித்து வைக்கும்தானே?

புல்லின் வேர் பிடிக்கும், மரத்தின் வேர் கெடுக்கும். செத்த வேர் மக்கினால் குழாய் போன்ற வழி ஏற்படும். புயலில் மரம் சாய்ந்தால் வேர்க்கட்டையோடு ஒரு வண்டி மண் போகும். கன்றுகளாக இருக்கும்போதே பிடுங்குங்கள். பெரிய மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை மக்க விடாதீர்கள். நீர்மட்டம் தாழ்ந்த பருவத்தில் வேரோடு தோண்டி, அதே வகை மண்ணை 15 செ.மீ. அடுக்குகளாக இட்டு, ஈரம் காட்டிக் கெட்டிப்படுத்த வேண்டும். எலி, நண்டு வளைகளையும் வாயை மட்டும் மூடாமல், முனை வரை தோண்டி இதேபோல நிரப்புங்கள்.

கேள்வி: கோடையில் கரை உச்சியில் வெடிப்பு விழுந்துள்ளது. பயப்பட வேண்டுமா?

திசையைப் பாருங்கள். கரைக்குக் குறுக்காக, நீர்ப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போகும் வெடிப்பு அதிக ஆபத்து. நீர் ஏறினால் நேராக உள்ளே நுழையும். நீளவாக்கில் ஓடி, இரு முனையும் சரிவுப்பக்கம் வில்லாக வளைந்தால் அது சரிவு நழுவுவதன் தொடக்கம். இரண்டு பக்கமும் ஆணி முளை அடித்து இடைவெளியை வாரந்தோறும் அளந்து பாருங்கள்.

சரிசெய்யுமுன் சுண்ணாம்புக் கரைசலை ஊற்றினால், தோண்டும்போது வெள்ளைக் கோடு வெடிப்பின் ஆழத்தைக் காட்டும். கோடு முடிந்த பிறகும் 30 செ.மீ. தோண்டி அடுக்கடுக்காக நிரப்புங்கள். மேலே மண் தூவி மூடினால் ஆபத்தை மறைத்ததாகும், அவ்வளவுதான். நழுவல் வெடிப்பென்றால் நீங்களே தோண்ட வேண்டாம்.

கேள்வி: எங்கள் அணை 8 மீட்டர்தான். ஆய்வுக்கு யாரும் வருவதில்லை. சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 முதன்மையாக 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, உச்சி நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் போன்ற நிபந்தனைகளில் ஒன்றையாவது எட்டினால் உள்ளே வரும். அவற்றுக்கு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு கட்டாயம். 8 மீட்டர் அணை இந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. இங்கிலாந்தில் அளவுகோல் கொள்ளளவு: 25,000 கன மீட்டர் அல்லது அதற்கு மேல் தேக்கினால் பதிவு செய்ய வேண்டும், உடைந்தால் உயிருக்கு ஆபத்து என்று வகைப்படுத்தியவற்றைத் தகுதிபெற்ற பொறியாளர் 10 ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்ய வேண்டும்.

எங்கள் பார்வையில் உயரத்தைவிட, கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதே பெரிது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1977 நவம்பர் 6 அதிகாலை உடைந்த கெல்லி பார்ன்ஸ் அணை சுமார் 12 மீட்டர் உயரம்தான். 39 பேர் இறந்தார்கள். அதன் பிறகே அங்கு மத்திய அரசுக்குச் சொந்தமல்லாத ஆபத்தான அணைகளை நாடு முழுவதும் ஆய்வு செய்யும் பணி முடுக்கிவிடப்பட்டது.

சட்டம் வராத இடத்திலும் உரிமையாளரின் பொறுப்பு போவதில்லை. உங்கள் அணை யாருடையது, துறையா, ஊராட்சியா, பாசனச் சங்கமா, தனியாரா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பார்வையாளர் ஒருவரை நியமியுங்கள். அவர் கோடையில் மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, அணை நிரம்பியிருக்கும்போது தினமும் உச்சியிலும் வெளி அடிவாரத்திலும் நடக்க வேண்டும். உச்சியில் 20 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலால் ஆண்டுக்கு ஒருமுறை மட்டம் பாருங்கள். தாழ்ந்த இடம் எதுவோ அங்கேதான் வெள்ளம் முதலில் வழியும். குறை கண்டால் படம், தேதி, நீர்மட்டத்தோடு கடிதமாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

கேள்வி: கசிவில் மண் கலங்கிய நீர் வேகமாக வரத் தொடங்கினால் முதலில் என்ன செய்வது?

கீழே உள்ளவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். பழுதுபார்ப்பு அதற்குப் பிறகு. அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலை மண் கலங்கிய கசிவு தெரிந்தது. நண்பகலுக்குள், 11:57க்கு, அணை உடைந்தது. தொலைபேசி எண்கள், மேட்டு வழி, நடக்க முடியாதவர்களின் வீடு ஆகியவை அடங்கிய பட்டியலை முன்பே எழுதி வையுங்கள். அடுத்து மதகை முழுதாகத் திறங்கள். சாதாரண நாளில் ஒரு நாளைக்கு 30 செ.மீ.க்கு மேல் இறக்கினால் உள்சரிவு நழுவக்கூடும் என்று தயங்குவோம். உடைப்பு கண்முன் இருக்கும்போது அந்தத் தயக்கம் வேண்டாம். ஆட்களை மட்டும் உள்சரிவில் நிறுத்தாதீர்கள். அடிவாரத்தில் மணலோடு கொப்பளிக்கும் ஊற்றைச் சுற்றி மூட்டைகளால் வளையம் கட்டி, உள்ளே நீர் உயர விடுங்கள். தண்ணீர் தெளிந்து வழியும் உயரத்தோடு வளையத்தை நிறுத்துங்கள். நீர்ப்பக்கத்தில் சுழல் தெரிந்தாலோ, உச்சி உள்வாங்கினாலோ, எல்லோரையும் கரையைவிட்டு உடனே இறக்கிவிடுங்கள்.